மிஸ்டர் லோகனின் இடுப்புப் பை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு கதைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஜின் உண்டு என்று மார்க்கம் சொல்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது டெக்சஸில் ஹூஸ்டன் பக்கத்து ஊரான கேட்டி வரைக்கும் வந்து என் வீட்டுக்குள் நுழையும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நான் ஆம்பூர்க்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம். செத்த ஆட்டின் தோலையும் மாட்டின் தோலையும் நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அப்படி வளர்ந்தவனுக்குச் செத்ததைப் பார்த்து என்ன பயம் வரும்? நீங்களும் நம்பப் போவதில்லை, உங்கள் முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, கேளுங்கள்.

நான் சென்னையில் படித்தது தோல் தொழில்நுட்பம். படித்து முடித்தபோது ஊரே கம்ப்யூட்டர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, நானும் ஓடினேன். ஓடிய ஓட்டத்தில் ஹூஸ்டனில் ஒரு எண்ணெய் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிற வேலை கிடைத்து, மனைவி ஷமீமும் மகள் சனாவுமாகக் கேட்டியில் வீடு வாங்கிக் குடியேறினோம். வந்த இரண்டாவது வருஷமே ஹூஸ்டன் மகரந்தம் என் மூக்கைக் கெடுத்துவிட்டது. சைனஸ் என்று ஆரம்பித்து, மருந்து மாற்றி மருந்து அடித்து, கடைசியில் வாசனையே போய்விட்டது. ஷமீம் தம் பிரித்து பிரியாணிச் சட்டியைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், பக்கத்தில் நிற்கிற எனக்கு ஒன்றும் வராது. தோல்காரனுக்கு மூக்கு போனால் தையல்காரனுக்குக் கண் போன மாதிரி. வேலை கம்ப்யூட்டரில் என்பதால் சோற்றுக்குப் பங்கமில்லை, ஆனால் மனசுக்குள் அது ஒரு குறையாகவே இருந்தது. வெளியே யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில்தான் இணையத்தில் ஏலம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. பழைய தோல் பைகளைத் தேடிக்கொண்டிருந்தவன் ஒருநாள் ஸ்போரன் என்ற ஒன்றைப் பார்த்தேன். ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை ஒன்று கட்டுவார்கள், கில்ட் என்று பெயர். அதில் பாக்கெட் கிடையாது. அதனால் இடுப்பில் ஒரு சங்கிலி போட்டு, முன்பக்கம் தொங்குகிற மாதிரி ஒரு பை மாட்டுவார்கள். அதுதான் ஸ்போரன். கைலி கட்டுகிறவனுக்குத்தான் பாக்கெட் இல்லாத கஷ்டம் தெரியும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கைலிக்கு மேலே பை வைத்த பச்சை பெல்ட் ஒன்று கட்டுவார்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட சொந்தம் என்று எனக்குத் தோன்றியது. சிலது வெறும் தோல், சிலதில் சீல் என்கிற கடல்நாயின் தோல், சிலதில் குதிரை முடி நீளமாகத் தொங்கி, அதன் மேல் குஞ்சங்கள் இரண்டு ஆடும். முதல் பார்சலைப் பிரித்ததும் ஷமீம் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னங்க, தாடி வெச்ச பை?"

"ஸ்காட்லாந்துக்காரங்க இடுப்புல கட்டுறது. குதிரை முடி."

"பை எதுல செஞ்சது? பன்னித் தோலா இருந்தா கராஜோட நிக்கட்டும், உள்ள கொண்டாராதீங்க."

அதற்காகவே பூதக்கண்ணாடி வாங்கினேன். பன்றித் தோலில் முடித் துளைகள் மும்மூன்றாகக் கூடியிருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். அப்படிப் பார்க்க ஆரம்பித்தவன் மற்றதையும் பார்க்கத் தொடங்கினேன். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் நூறு வருஷப் பழசு என்றுதான் எழுதுவார்கள். தையல் கையால் போட்டதா மெஷினா, முடி குதிரையா நைலானா, மேல் பட்டை வெள்ளியா பூச்சா, உள்ளே இருக்கிற தோல் மரப்பட்டையில் பதனிட்டதா, குரோம் உப்பில் பதனிட்டதா என்று பார்த்தால் அதன் வயசு தானே வெளியே வந்துவிடும். ஸ்போரன் சேர்க்கிறவர்களுக்கு என்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதில் டேனர், அதாவது தோல் பதனிடுகிறவன், என்ற பெயரில் சேர்ந்தேன். யாராவது படம் போட்டு இது என்ன என்று கேட்பார்கள், நான் பதில் சொல்வேன். ஆம்பூர்க்காரன் ஒருவன் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கே அவர்கள் பை எதுவென்று சொல்லிக்கொண்டிருந்தான், நினைத்துப் பாருங்கள். தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

மிஸ்டர் லோகன் அந்தக் குழுவில்தான் பழக்கம். எழுதிப் பழகிய பிறகுதான் தெரிந்தது, அவரும் கேட்டியில், எங்கள் சப்டிவிஷன் குடியிருப்பிலேயே பின் தெருவில் இருக்கிறார் என்று. சாயங்காலம் நடக்கப் போகும்போது பார்த்திருக்கிறேன், உயரமான, சிவந்த, மெலிந்த மனுஷர். ரிடையர் ஆனவர். விழா நாட்களில் கில்ட் கட்டிக்கொண்டு பேக்பைப் ஊதுகிற வாத்தியக் குழுவில் டிரம் அடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்துவிட்டுத் தன் ஸ்போரனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஷமீம் ஏலக்காய் டீ போட்டாள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெள்ளைக் குதிரை முடி, அதன் மேல் கறுப்புக் குஞ்சங்கள் இரண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் கூம்பு மாதிரி ஒரு உலோக மூடி. அவருடைய கொள்ளுத்தாத்தா சின்ன வயசில் கப்பலேறி வந்து கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கியபோது இடுப்பில் இருந்த பை இதுதான் என்று வீட்டில் வழிவழியாகச் சொல்வார்களாம். அது உண்மையா என்று தெரியவேண்டும், விற்பதற்கில்லை என்றார். குழுவில் யாரோ, அமெரிக்காவில் இருக்கிற குடும்பப் பொக்கிஷங்களில் பாதி தபாலில் வரவழைத்ததுதான் என்று கிண்டலாக எழுதியிருந்தார்கள். அது அவரை உறுத்தியிருக்கிறது.

நான் பழக்க தோஷத்தில் பையைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். அவர் ஆவலாக என் முகத்தையே பார்த்தார். உள்ளே ஒரு இனிப்பு வாசனை இருக்கும் என்று தன் அப்பா சொல்வாராம், தனக்குத் தெரிவது போலவும் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது, உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டார்.

எனக்கு மூக்கு வேலை செய்யாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். டேனர் என்று பெயர் வைத்துக்கொண்டு மூக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? வாசனை எதுவும் இல்லை என்றேன்.

பிறகு அவர் சம்மதத்தோடு உள் தோலின் ஓரத்தில் நகக்கண் அளவு நறுக்கி, அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டேன். மரப்பட்டையில் பதனிட்ட தோல் கொதிநீரில் விழுந்ததும் சுருண்டுவிடும். குரோம் தோல் அசையாது. இது அசையவில்லை, போட்டது போட்டபடி கிடந்தது. நறுக்கிய ஓரமும் சாம்பல் நிறம். குரோம் தோல் உலகத்துக்கு வந்ததே அவர் கொள்ளுத்தாத்தா கப்பலேறி ரொம்ப நாளைக்குப் பிறகுதான். அதைச் சும்மா சொல்லியிருக்கலாம். நான் வகுப்பு எடுத்தேன். பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இது உங்கள் கொள்ளுத்தாத்தாவுடையதாக இருக்கவே முடியாது என்று முடித்தேன்.

அவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் இரண்டு கைகளையும் முன்பக்கம், பை தொங்குகிற இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார். உடுப்பு அவிழ்ந்துவிட்ட மனுஷர் மறைத்துக்கொள்வாரே, அப்படி. பிறகு சிரித்தார், தெரிந்துகொண்டது நல்லது என்றார், ஷமீமுக்கு நன்றி சொன்னார், பையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவர் தெரு திரும்பிய பிறகு ஷமீம் டீ கப்பை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு கேட்டது தோலைப் பத்தி இல்லீங்க."

"பின்ன? உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மைதான். மூக்கு வராதுன்னு சொன்னீங்களா?"

நான் பூதக்கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டேன். அதற்குப் பிறகு மிஸ்டர் லோகன் குழுவில் எழுதவில்லை, சாயங்கால நடையிலும் கண்ணில் படவில்லை. ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன், ஆபீஸ், சனாவின் ஸ்கூல், நீச்சல் வகுப்பு என்று நாள் ஓடிவிடும். உண்மையில் முகம் பார்க்கக் கூச்சமாக இருந்தது, அதுதான் காரணம்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். செப்டம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு, அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் நேராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில், தார் ரோடு பளபளக்கிறது. எங்கள் சப்டிவிஷனுக்குள் நுழைந்து திரும்புகிற இடத்தில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அதன் பக்கத்தில் மிஸ்டர் லோகன் நின்றுகொண்டிருந்தார். கில்ட், நீளமான கம்பளி சாக்ஸ், கறுப்புக் கோட்டு, எல்லாம் போட்டிருந்தார். ஹூஸ்டன் வெயிலில் கம்பளி கட்டிக்கொண்டு யாராவது தபால் எடுக்க வருவார்களா என்று நினைத்துக்கொண்டே காரை மெதுவாக்கினேன். முன்பக்கம் பை இல்லை. இரண்டு கைகளும் அந்த இடத்தை மறைத்துக் கோத்திருந்தன, அன்றைக்கு என் வீட்டில் நின்றாரே, அதே மாதிரி.

என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு மாதிரி வெட்கப்பட்ட பார்வை, தப்பு செய்துவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்கிற பிள்ளை மாதிரி. நான் கையைத் தூக்கினேன். அவர் தூக்கவில்லை, கையை எடுத்தால் தெரிந்துவிடும் என்பது போல. இறங்கி இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். நான் இறங்கவில்லை. கூச்சம். ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பாட்டு மேஜையில் துணி சுற்றிய பொட்டலம். ஷமீம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"லோகன் அங்கிள் மவுத்தாயிட்டாருங்க."

"எப்ப?"

"காலைல. ஃபஜ்ரு நேரமாம். கேன்சராம், நமக்குத்தான் தெரியல. டோரதி ஆன்ட்டி இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க, பாவம், அழக்கூட இல்ல. இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லி வெச்சிருந்தாராம்."

நான் இப்போதுதான் அவரைப் பார்த்தேன் என்று சொன்னேன். ஷமீம் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேற யாரையாவது பாத்திருப்பீங்க என்றாள். கேட்டியில் வேறு யார் கில்ட் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

டோரதி அவர் மனைவி. டோரதி சொல்லிவிட்டுப் போனதை ஷமீம் எனக்குச் சொன்னாள். மிஸ்டர் லோகனுக்கு அந்த ஸ்போரனை இடுப்பில் கட்டிக்கொண்டே அடக்கமாக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசையாம். நோய் முற்றியது தெரிந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்ட பிறகு, கொள்ளுத்தாத்தா முன்னால் பொய்யான பையோடு போய் நிற்க முடியாது, இது வேண்டாம், டேனரிடம் கொடுத்துவிடு, அவர் சேகரிப்புக்கு ஆகும் என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் பகலில் ஃப்யூனரல் ஹோமில் கடைசியாகப் பார்க்கலாம், அன்றைக்கே அடக்கம். சொன்னது உண்மைதானே, உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆறவில்லை.

பையை எடுத்துப் போய் என் கம்ப்யூட்டர் அறைக் கதவின் கொக்கியில் மாட்டினேன். அதைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை, பெட்டியில் போட்டு மூடவும் மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை நாஷ்டா முடித்து, சனா டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். டிக். டிக். டிக். குழாய் சொட்டுகிற சத்தம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஸ்போரனின் குஞ்சங்கள் ஆடிக்கொண்டிருந்தன. அந்த உலோக மூடிகள்தான் பையின் பட்டையில் பட்டுச் சத்தம் போட்டன. ஏசி காற்று என்று எழுந்து போய் வென்ட்டை மூடினேன். நிற்கவில்லை. நன்றாகக் கவனியுங்கள், காற்றடித்தால் இரண்டும் ஒரே பக்கம் போகும். இது அப்படி இல்லை. வலது குஞ்சம், பிறகு இடது குஞ்சம், வலது, இடது. இதைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் நடந்தால் எப்படி ஆடுமோ அப்படி. பை மட்டும் கொக்கியில் அசையாமல் இருந்தது, கறுப்புக் குஞ்சங்கள் மட்டும் எங்கேயோ நடந்துகொண்டிருந்தன.

கிட்டே போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், ஓடியிருக்க வேண்டும். கிட்டே போனதும் வாசனை வந்தது.

எனக்கு வாசனை வந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு. என்ன வாசனை என்று ஒரு வினாடிகூட யோசிக்கவேண்டியிருக்கவில்லை, ஆவாரம்பட்டை. பட்டையை ஊறவைத்த தொட்டியில் தோலை முக்கி எடுத்தால் வருமே, லேசான இனிப்பும் புளிப்புமாக, அதே வாசனை. என்னைப் பெற்ற அத்தாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். அந்தக் காலத்தில் மதராஸ் பக்கத்திலிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போனது, அங்கே அதை உள் தோலாக வைத்துப் பை தைத்தார்கள், இதெல்லாம் எனக்குப் பாடத்திலேயே உண்டு. ஆனால் குரோம் தோலில் இந்த வாசனை எப்படி வரும்? சமையலறைக்கு ஓடிப்போய் காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பூண்டை நசுக்கி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. திரும்ப அறைக்குள் வந்தால் ஆவாரம்பட்டை குப்பென்று அடிக்கிறது.

பையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். குஞ்சங்கள் நின்றுவிட்டன. உள்ளே மூக்கை விட்டால் அடியிலிருந்துதான் வாசனை. சின்னக் கத்தியால் உள் தோலின் அடித் தையலைப் பிரித்தேன். அதற்குக் கீழே இன்னொரு தோல் இருந்தது. வெளுத்த மஞ்சள் நிறத்தில், நூல் இற்றுப்போய், கையால் போட்ட தையலோடு. ஓரத்தில் வெளிச்சம் பட்டிருந்த இடம் மட்டும் செம்பழுப்பாகச் சிவந்திருந்தது. ஆவாரந்தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும், பதனிடுகிற வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது. பழைய உள் தோல் இற்றுப்போனதும், பின்னால் வந்த யாரோ பைக்குள் புதுத் தோலை வைத்துத் தைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தப் புதுத் தோலை நறுக்கித்தான் நான் தீர்ப்பு சொன்னேன். சட்டையில் போட்ட ஒட்டுத் துணியைப் பார்த்துவிட்டுச் சட்டைக்கே வயசு சொல்லியிருக்கிறேன். மூக்கு இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மூக்கு இல்லை என்று சொல்லியிருந்தாலாவது அவர் வேறு யாரிடமாவது காட்டியிருப்பார்.

ஷமீமைக் கூப்பிட்டுப் பையை நீட்டினேன்.

"மோந்து பாரு. ஆவாரம்பட்டை."

"எனக்கு ஒண்ணும் வரலையே. பழைய துணி வாடைதான் வருது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வருதா?" என்றாள்.

தலையாட்டினேன். அந்த மஞ்சள் தோலில் ஒரு நூல் அளவு நறுக்கி, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். போட்டதும் சுருண்டுவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஊசி நூல் எடுத்துவந்து பிரித்த தையலைப் போட்டுக் கொடுத்தாள். நான் கார் சாவியைத் தேடும்போது அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஏலக்காய் கொஞ்சம் அள்ளிப் பைக்குள் போட்டாள்.

"வெறும் பையா குடுக்கக்கூடாது. அவருக்கு நம்ம டீ புடிக்கும்."

அந்த வருஷம் ஐ-டென் ஃப்ரீவே முழுக்க அகலப்படுத்துகிற வேலை, எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு நிறத் தடுப்பு டிரம், லேன் எங்கே போகிறது என்றே தெரியாது. வண்டி நகரவில்லை. பை பக்கத்து சீட்டில், கார் முழுக்க ஆவாரம்பட்டை. பிரேக் அடித்து நின்றுவிட்ட நேரத்திலும் குஞ்சங்கள் டிக், டிக் என்று ஆடிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை வேகமாக. மிஸ்டர் லோகன், கொண்டுவருகிறேன், கொண்டுவருகிறேன் என்று நான் வாய்விட்டே சொன்னேன். பக்கத்து காரில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

போய்ச் சேர்ந்தபோது வந்தவர்கள் முக்கால்வாசி கிளம்பிவிட்டார்கள். டோரதி தனியாக முன் வரிசையில் இருந்தார். பெட்டி திறந்திருந்தது. மிஸ்டர் லோகன் கில்ட்டில், கறுப்புக் கோட்டில், முந்தின நாள் தபால் பெட்டிப் பக்கம் நான் பார்த்த அதே உடுப்பில் கிடந்தார். கைகள் இரண்டும் முன்பக்கம், கீழே, பை தொங்கவேண்டிய இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

டோரதி என் பார்வை போன இடத்தைக் கவனித்தார். கையை நெஞ்சின்மேல் வைக்கச் சொல்லித்தான் கேட்டேன், அவர்களும் வைத்தார்கள், திரும்பிப் பார்ப்பதற்குள் இறங்கிவிடுகிறது, மறுபடியும் வைத்தார்கள், மறுபடியும் இறங்கிவிட்டது என்றார். அங்கே வேலை செய்யும் பெண்மணி ஒருவர் பின்னால் நின்று, இப்படிச் சில சமயம் ஆகும் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று நான் கேட்டதற்கு அவர் குனிந்து பெட்டியின் ஓரத்து விரிப்பைச் சரிசெய்தார்.

நான் டோரதியிடம் சொல்லிவிட்டேன். நான் சொன்னது தப்பு, எனக்கு வாசனை தெரியாது, தெரியாததை மறைத்துவிட்டேன், இது அவர் கொள்ளுத்தாத்தா காலத்துத் தோல்தான், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோல் என்று. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னதை அவர் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை, வந்தவர்களிடமெல்லாம், தோல் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றுதான் சொன்னார் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

நீங்களே கட்டிவிடுங்கள் என்றார். அந்தப் பெண்மணியும் உதவிக்கு வந்த இன்னொருவரும் உடம்பை லேசாகத் தூக்கிப் பிடிக்க, நான் சங்கிலியைப் பின்னால் விட்டு எடுத்துக் கொக்கி போட்டேன். கையை விலக்க வேண்டியிருந்தது. ஊரில் எத்தனையோ மையத்தை, இறந்தவர் உடம்பை, தூக்கியிருக்கிறேன், செத்த கையின் கனம் எனக்குத் தெரியும். இந்தக் கையில் கனமே இல்லை. நான் தொட்டதும் வழிவிட்டது போல விலகியது. பையைச் சரியாக வைத்து, குஞ்சங்களை நேராக்கி, இரண்டு கைகளையும் எடுத்து நெஞ்சின்மேல் வைத்தேன். அங்கேயே இருந்தன. நாங்கள் எல்லோரும் மூச்சு விடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றோம். இறங்கவில்லை. பெட்டியை மூடினார்கள். மூடிய அந்த நொடியில் வாசனை நின்றது, யாரோ என் மூக்கைப் பொத்தியது போல.

பிறகு டாக்டரிடம் கேட்டேன். மூக்கு போனவர்களுக்கு இல்லாத வாசனை சில சமயம் வரும் என்றார். தபால் பெட்டிப் பக்கம் நின்றது வேறு யாரோவாக இருக்கலாம். குஞ்சம் ஆடியது ஏசியாக இருக்கலாம். கை இறங்கியது உடம்பின் விறைப்பு தளர்ந்ததாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது, நீங்களும் இப்போது அதைத்தான் சொல்ல வாயெடுக்கிறீர்கள். சரி. ஆனால் உள்ளே இருந்த தோல் என்னவென்று எனக்கு யார் சொன்னது? அந்த மனுஷர் தான் பொய்க்காரக் குடும்பத்தில் பிறந்தவர் என்று நம்பிக்கொண்டே கண்ணை மூடினாரே, அதை நான் எந்தப் பையைக் கட்டிவிட்டு மாற்ற முடியும்? காரை நிறுத்தி இறங்கியிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் யோசிப்பேன். இப்போது யாராவது படம் போட்டுக் கேட்டால் தோல் இன்னது என்று மட்டும் சொல்வேன். உங்கள் தாத்தாவுடையதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்று எழுதிவிடுவேன்.

வாசனை எனக்குத் திரும்பி வரவில்லை. பெருநாள் பிரியாணியும் மணப்பதில்லை, கழுத்தில் தடவிக்கொள்கிற அத்தரும் மணப்பதில்லை. ஒரே ஒரு இடம் தவிர. தபால் எடுக்கப் போகும்போது சில நாள், அந்தப் பெட்டிகளின் பக்கத்தில், வெயில் நேரத்தில், ஆவாரம்பட்டை வரும். வந்தால் நான் அப்படியே நின்றுவிடுவேனாம். எனக்கு அது தெரியாது. ஒருநாள் சனா பின்னாலேயே வந்தவள் சொல்லித்தான் தெரியும்.

"டாட், ஆர் யூ ஹைடிங் சம்திங்?"

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் முன்பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்து, ஒன்றுமே இல்லாத இடத்தை மறைத்துக்கொண்டிருந்தன. இல்லம்மா என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தேன். உடனே வரவில்லை.